ஒரு குளவியின் வரவு செலவு

2021 மாசியில் ஆத்தூர்ப் பக்கம் சித்தப்பாவின் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டுக்குப் போயிருந்தேன். நட்டு ஆறு மாதம் ஆன செடிகள். தலைக்கு மேல் நிற்க வேண்டியவை இடுப்போடு நின்றுவிட்டிருந்தன. நுனிக் குருத்து விரியவே இல்லை. சுருண்டு சுருண்டு, பிஞ்சு முட்டைக்கோஸ் மாதிரிக் கட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா ஒன்றைக் கிள்ளி மடிப்பைப் பிரித்துக் காட்டினார். அரிசி மாவில் புரட்டியெடுத்த எள் போல நாலைந்து பூச்சிகள். கட்டைவிரலால் தேய்த்தார். மாவு போய், ரோஸ் நிறத்தில் ஒரு ஈரக்கோடு விழுந்தது.

"கள்ளிப்பூச்சி," என்றார். "பப்பாளிக்கு வந்துச்சே, அதேதான். இப்பக் குச்சிக்குத் தாவிக்கிச்சு."

அதே இல்லை என்பது செய்தித்தாள் புண்ணியத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. முந்தைய ஆண்டு திருச்சூரில் பார்த்துப் பெயர் சொல்லியிருந்தார்கள்: பினகாக்கஸ் மனிஹோட்டி, மரவள்ளி மாவுப்பூச்சி. பப்பாளிக்கு வந்தது பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். அதை நசுக்கினால் மஞ்சள் வரும். இரண்டும் மாவு பூசியவை, இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இறங்கியவை. ஆனால் ஒன்றைக் கொல்லும் குளவி மற்றதன் பக்கம் திரும்பாது. சித்தப்பாவுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. பூச்சி என்றால் பூச்சி, மருந்து என்றால் மருந்து. ஏற்கெனவே மூன்று தடவை அடித்திருந்தார்.

அவர் சொன்ன பெயர் மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. மரவள்ளியிலும் பருத்தியிலும் பப்பாளியிலும் இருக்கும் பூச்சிக்கு ஏன் கள்ளியின் பெயர்? சப்பாத்திக்கள்ளி மட்டையில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருந்த ஒரு பூச்சியைப் பார்த்த தலைமுறைகள் விட்டுப்போன சொல் இது என்பது என் ஊகம். ஊகம் தப்பாகவே இருந்தாலும் அந்தப் பஞ்சுப் பூச்சியின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பூச்சியின் பெயர் தெரியாமல் அரசாங்கப் பணம் செலவழிந்த கதை நம் ஊரில் அங்கேதான் தொடங்குகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் சிவப்புச் சாயம் என்றால் கொச்சினீல். மெக்சிகோவில் கள்ளியின் மேல் வளர்த்த ஒரு செதில் பூச்சியை உலர்த்தி அரைத்து எடுப்பது. வியாபாரம் முழுக்க ஸ்பெயின்காரர்கள் கையில். சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனுக்கு அந்தப் பூச்சியை இங்கே வளர்க்க வேண்டும் என்று ஒரு பித்து. லண்டனுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். பூச்சி கொண்டுவருபவருக்குக் கும்பினி பரிசும் அறிவித்தது. 1795 இல் நீல்சன் என்ற ராணுவ அதிகாரி பிரேசிலிலிருந்து உயிரோடு பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கொண்டாட்டம்தான். வந்தது மட்டும் வேறு பூச்சி. உண்மையான கொச்சினீலுக்குத் தூரத்து உறவு, சாயம் மட்டம். அதைப் பிரித்துச் சொல்லும் அறிவு அப்போது இந்தியாவில் யாரிடமும் இல்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, 1896 இல்தான், பின்னாளில் இலங்கை அரசின் பூச்சியியலாளரான எர்னஸ்ட் கிரீன் அதற்குத் தனிப்பெயர் வைத்தார். அவர் பார்த்தது இலங்கையில் என்பதால் பெயரிலும் சிலோன் ஒட்டிக்கொண்டது: டாக்டைலோப்பியஸ் சிலோனிக்கஸ். பிரேசில்காரனுக்குச் சிலோன் முகவரி.

சாயத்துக்கு உதவாத பூச்சி கள்ளியைத் தின்றது. கள்ளி அப்போது வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் விழுங்கிக்கொண்டிருந்தது. 1863க்கும் 1868க்கும் இடையில் இந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவில் வேண்டுமென்றே பரப்பினார்கள். ஒரு வகைக் கள்ளி அழிந்தது. களையைப் பூச்சியால் ஒழித்த முதல் வெற்றி என்று பாடப்புத்தகங்கள் இதைத்தான் சொல்கின்றன. இன்னொரு வகைக் கள்ளியை அது தொடவே இல்லை. அதற்கு வேறு பூச்சி, டாக்டைலோப்பியஸ் ஒபுன்ஷியே, 1926 இல் இலங்கையிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்தது, தின்றது, கள்ளிக்காடுகள் போயின. பூச்சியின் பெயரும் கள்ளியின் பெயரும் பொருந்திய இடத்தில் வேலை நடந்தது. பொருந்தாத இடத்தில் நடக்கவில்லை. கும்பினிப் பணம் என்றால் என்ன, நம் ஊர் நிலவரிதான். அதில் பாதி தப்பான பூச்சிக்குப் போனது என்று சொன்னால் கணக்குப் பிள்ளைகள் மறுக்கக்கூடும்.

மரவள்ளிக்கு வருகிறேன். 1973 வாக்கில் ஆப்பிரிக்காவில், கின்ஷாசா பிரசாவில் பக்கம், மரவள்ளிக் குருத்துகள் கட்டிக்கொள்ளத் தொடங்கின. மரவள்ளியே அங்கே பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுபோன பயிர். இந்தப் பூச்சி மட்டும் நானூறு ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்தது, தன்னைத் தின்னும் எதிரிகளை ஊரிலேயே விட்டுவிட்டு. மரவள்ளி அங்கே கோடிக்கணக்கானவர்களுக்கு அன்றாடச் சோறு. 1977 இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தானியேல் மத்தீல்-ஃபெர்ரேரோ பூச்சியைப் புதிய இனம் என்று விவரித்துப் பெயர் வைத்தார். பிரெஞ்சு அரசின் சம்பளம், பிரெஞ்சு அரசின் நுண்ணோக்கி.

பெயர் கிடைத்தால் ஊர் தெரிய வேண்டும். ஊர் தெரிந்தால் எதிரி கிடைப்பான். நைஜீரியாவின் இபாதானில் இருக்கும் சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரரை இந்த வேலைக்கு அமர்த்தியது. பல நாட்டு அரசுகளின் பணத்தில் ஓடும் நிறுவனம் அது. மத்திய அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவின் வடக்கிலும் தேடினார்கள். மரவள்ளியில் மாவுப்பூச்சி கிடைத்தது. பார்த்தால் அதே பூச்சி. அதன் ஒட்டுண்ணிகளைப் பிடித்து வளர்த்து ஆப்பிரிக்கப் பூச்சியின் மேல் விட்டால் அவை ஏற்கவில்லை.

மாவுப்பூச்சிகளில் "பார்த்தால் அதே" என்பதற்குப் பொருளே கிடையாது. மாவைத் துடைத்தால் எல்லாம் ஒரே மாதிரிச் சின்னச் சதைப்பொட்டு. வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் பூச்சியை ஆல்கஹாலில் போட்டு, ஊசியால் ஓரத்தில் ஒரு கீறல் போட வேண்டும். பிறகு காரக் கரைசலில் மெல்லச் சூடாக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து, தோல் மட்டும் கண்ணாடித்தாள் போல மிஞ்சும். அதை ஊசிமுனையாலேயே திருப்பித் திருப்பிக் கழுவி, சிவப்புச் சாயத்தில் ஊறவிட வேண்டும். (கொச்சினீல் இல்லை, ஆலையில் செய்த சாயம்தான். ஆய்வகத்தில் அந்த அளவுக்குக் கவித்துவம் கிடையாது.) பிறகு கிராம்பு எண்ணெய். ஒரு நண்பரின் அறையில் இதைப் பார்த்திருக்கிறேன். பல் மருத்துவரின் வாசலில் நிற்பது போன்ற வாசனை. கடைசியில் கனடா பால்சம் பிசினில் பதித்து, மெல்லிய கண்ணாடிச் சில்லால் மூடி, வாரக்கணக்கில் உலர்த்த வேண்டும். அதற்கப்புறம் நுண்ணோக்கியில் எண்ணத் தொடங்கலாம். விளிம்பில் எத்தனை ஜோடி முள்கொத்து, வயிற்றில் எத்தனை வகை மெழுகுத் துளை, தலையின் அடியில் வாய்க்கு முன்னால் ஐந்து அறை கொண்ட துளைகள் கூட்டமாக இருக்கின்றனவா, அங்கொன்றும் இங்கொன்றுமா.

லண்டனில் ஜெனிஃபர் காக்ஸும் டி. ஜே. வில்லியம்ஸும் அப்படி எண்ணிப் பார்த்துத்தான் 1981 இல் முடிவு சொன்னார்கள்: வடக்கே கிடைத்தது வேறு இனம். அதில் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு; ஆப்பிரிக்காவில் இருப்பது பெண் மட்டுமே, ஆண் துணையில்லாமல் பெருகும். உயிரோடு பார்த்தால் வடக்குப் பூச்சி மஞ்சள், ஆப்பிரிக்கப் பூச்சி ரோஸ். சித்தப்பாவின் கட்டைவிரலில் பார்த்த அதே ரோஸ். ஆண்டுக்கணக்கில் தேடலைத் திசைதிருப்பிய அந்த மஞ்சள் பூச்சிக்கு அவர்கள் வைத்த பெயர் பினகாக்கஸ் ஹெரனி. மரியாதைக்குத்தான்!

உண்மையான ஊர் இன்னும் தெற்கே இருந்தது. 1981 இல் கொலம்பியாவின் காலி நகரத்து ஆய்வு மையத்தைச் சேர்ந்த டோனி பெல்லோட்டி பராகுவேயில் ரோஸ் பூச்சியைக் கண்டார். அதோடு அதைத் தின்னும் குளவியும் கிடைத்தது. ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். லண்டனில் தனிமைப்படுத்தி, வேறு நோயோ திருட்டு ஒட்டுண்ணியோ கூட வரவில்லை என்று உறுதிசெய்து, அந்த ஆண்டு முடிவதற்குள் நைஜீரியாவில் விட்டார்கள். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் விட்டார்கள். மீதி நாடுகளுக்கு அதுவாகவே பறந்து போனது. 1995 இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு.

இந்தக் கதையை வேளாண் மாணவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். நான் நிற்க விரும்பும் இடம் அதில் பெரும்பாலும் ஒரு அடைப்புக்குறிக்குள் கடந்துபோவது. பராகுவேயில் கிடைத்த குளவிக்கு யாரும் புதிதாகப் பெயர் வைக்க வேண்டியிருக்கவில்லை. பெயர் ஏற்கெனவே இருந்தது. அர்ஜென்டினாவின் லா பிளாட்டா நகரத்து அருங்காட்சியகத்தில் பணிசெய்த லூயிஸ் தெ சாந்திஸ் 1964 இல் தன் நாட்டில் உள்ள இந்தக் குடும்பத்துக் குளவிகளை எல்லாம் தொகுத்து நானூறு பக்கத்துக்கு ஒரு நூல் எழுதினார். வெளியிட்டது புவனோஸ் ஐரிஸ் மாகாண அரசின் அறிவியல் ஆய்வுக் குழு. அதில் ஒன்றுதான் பராகுவேயில் கிடைத்த லோபெஸி. ஆப்பிரிக்காவில் மரவள்ளி கருகத் தொடங்க இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. அது தின்னும் மாவுப்பூச்சிக்கே பெயர் வைக்க இன்னும் பதின்மூன்று ஆண்டுகள். இரை பெயரில்லாமல் இருந்தபோது கொல்பவனுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

அந்த ஆண்டு அந்த மாகாணத்தின் சட்டமன்றத்தில் யாராவது எழுந்து, கண்ணுக்குத் தெரியாத குளவிக்கு நானூறு பக்கம் எதற்கு, அந்தப் பணத்தில் ஒரு பாலம் கட்டியிருக்கலாமே என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? தெ சாந்திஸிடமே பதில் இருந்திருக்காது. ஆப்பிரிக்காவைக் காப்பாற்றும் என்று அவர் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சிரித்ததும் நியாயம்தான்.

1988 இல் ரிச்சர்டு நார்கார்டு என்ற பொருளியலாளர் ஆப்பிரிக்கத் திட்டத்தின் செலவையும் பலனையும் கணக்கிட்டார். ஒரு டாலருக்கு 149 டாலர் பலன். எல்லோரும் மேற்கோள் காட்டும் எண். எனக்கு அதில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. திட்டத்தின் செலவு என்பது ஆய்வுப் பயணம், வளர்ப்புக் கூடம், விமானம், சம்பளம். லா பிளாட்டாவில் கிராம்பு எண்ணெய்க்கும் காகிதத்துக்கும் ஆன செலவு திட்டத்தின் செலவல்ல. அது எந்தத் திட்டத்தின் செலவும் அல்ல. அர்ஜென்டினாக்காரர்கள் வரி கட்டினார்கள், பலன் காங்கோவிலும் நைஜீரியாவிலும் விளைந்தது. பிற்பாடு ஆத்தூர்ப் பக்கத்து ஏத்தாப்பூரிலும் விளைந்தது. ரசீது யாருக்கும் அனுப்பப்படவில்லை.

தனியார் கம்பெனி இதைச் செய்யாது. கெட்ட எண்ணத்தால் என்று சொல்லவில்லை. பூச்சிமருந்து தீர்ந்துபோகும், அடுத்த பாட்டில் வாங்க வேண்டும். குளவியை ஒருமுறை விட்டால் அதுவே பெருகும். வேலி தாண்டிப் பக்கத்துக் காட்டுக்கும் போகும், காசு கொடுக்காதவன் காட்டுக்கும் போகும். இரண்டாவது தடவை விற்க முடியாத சரக்கை எந்த வியாபாரி தயாரிப்பான்? அந்தக் குளவிக்குப் பெயர் வைக்கும் வேலையோ சரக்குகூட இல்லை. பொதுப்பணம் இல்லாவிட்டால் அந்த வேலை கிடையாது.

பப்பாளிக் கதையும் இப்படித்தான், இன்னும் அவசரமாக. 2008 இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பூச்சி பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரிக்குப் போய்ப் பட்டுக்காரர்களை அழவைத்தது; மரவள்ளி, பருத்தி, தேக்கு, பார்த்தீனியம் வரை ஏறியது. 2010 இல் பெங்களூரு தேசியப் பூச்சிப் பணியகம் அமெரிக்க வேளாண் துறையின் போர்ட்டோ ரிக்கோ கூடத்திலிருந்து மூன்று குளவிகளை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வளர்த்து ஊர் ஊராகக் கொடுத்தது. சில மாதங்களில் பூச்சி அடங்கியது. ஐந்து ஆண்டில் மிச்சமானது 50 கோடி டாலருக்கும் மேல் என்று பிறகு ஒரு மதிப்பீடு வந்தது. அந்த மூன்றில் முக்கியமான அசெரோபேகஸ் பப்பாயேவுக்கு 2003 வரை பெயரே கிடையாது. லண்டன் அருங்காட்சியகத்தின் ஜான் நாய்ஸும் அமெரிக்க வேளாண் துறையின் மைக்கேல் ஷாஃபும் வைத்த பெயர் அது. ஏழு ஆண்டு இடைவெளி. பப்பாளிக்காரர்களுக்கு அதிர்ஷ்டம்.

பெங்களூரு பணியகத்தின் பெயரே ஒரு வேடிக்கை. 1993 இல் அது உயிரியல் கட்டுப்பாட்டுக்கான திட்ட இயக்ககம். 2009 இல் 'வேளாண்மைக்கு முக்கியமான பூச்சிகளின்' தேசியப் பணியகம். 2014 இல் 'முக்கியமான' என்ற சொல் போய், வேளாண் பூச்சி வளங்களின் பணியகம் ஆயிற்று. எந்தக் காரணத்தால் மாற்றினார்களோ, நல்லதே செய்தார்கள். எது முக்கியம் என்று முன்கூட்டியே தெரிந்தால் பணியகம் எதற்கு? தொல்காப்பியர் கெட்டிக்காரர். நத்தையை ஈரறிவிலும் கறையானை மூவறிவிலும் வைத்துவிட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் இந்தக் கிளையில் பிறவும் உண்டென்று ஒரு கதவைத் திறந்தே வைத்துப் போனார்.

அந்தக் கதவுக்குள் போக நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. இந்த ஒட்டுண்ணிக் குளவிகளில் அலிகாரில் முகமது ஹயாத்தும் கோழிக்கோட்டில் நரேந்திரனும் வாழ்நாள் முழுக்க உழைத்து உலகம் மேற்கோள் காட்டும் வேலையைச் செய்தவர்கள். 1999 இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வகைப்பாட்டியலுக்கென்றே அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இல்லாமல் இருப்பது தொடர்ச்சி. நம் நிதி மூன்று ஆண்டுக் கட்டுகளாக வருகிறது. முதல் ஆண்டு பாதி போன பிறகு பணம் வரும். மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். ஆனால் குளவி மழைக்குப் பிறகுதான் வரும்.

முன்பு சொன்ன நண்பர் ஒரு பல்கலைக்கழகத்தில் இப்படியொரு திட்டத்தில் இருந்தவர். காட்டு விளிம்பில் வலை கட்டிப் பிடித்த குளவிகளைச் சின்னச் சின்னக் குப்பிகளில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் நகத்தளவு சீட்டு, பென்சிலால் எழுதியது. பேனா மை என்றால் ஆல்கஹாலில் கரைந்துபோகும். பெயர் இடத்தில் பெரும்பாலும் கேள்விக்குறி. திட்டம் முடிந்தது. பெயர் வைக்கப் பயிற்சி பெற்ற மாணவர் வங்கித் தேர்வு எழுதிப் போனார். குப்பிகள் இருக்கின்றன, ஆனால் மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஆல்கஹால் ஆவியாகும், வருடத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். நிரப்பும் செலவு சில நூறு ரூபாய். எந்தத் தலைப்பின் கீழ் அதைக் கேட்பது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. நண்பர் தன் பணத்தில் வாங்கி நிரப்பிக்கொண்டிருந்தார், தான் ஓய்வுபெறும் வரை.

ஸ்வீடன் நாடாளுமன்றம் 2002 இல் தன் நாட்டின் எல்லா உயிரினங்களையும் அறிந்துவிடுவது என்று நிதி ஒதுக்கியது. 2003 முதல் 2006 வரை நாடு முழுக்கக் கூடார வலை கட்டிப் பிடித்ததில் சுமார் 2 கோடிப் பூச்சிகள். பிடித்தது மூன்று ஆண்டு. பதினைந்து ஆண்டு கழித்தும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பணக்கார நாடு, செய்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். எனக்கு அந்தப் பணத்தைவிட அந்தப் பதினைந்தின் மேல்தான் பொறாமை.

மரவள்ளிக் குளவி கடைசியில் நமக்கும் வந்தது. பெங்களூரு பணியகம் 2021 இல் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்துச் சோதித்து, 2022 மார்ச் 7 அன்று ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் திறந்துவிட்டது.

அதற்கடுத்த ஆண்டு சித்தப்பாவின் காட்டுக்கு மறுபடி போனேன். செடி தலைக்கு மேல் நின்றது. பையில் ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோயிருந்தேன். இலை இலையாகத் திருப்பிப் பார்த்ததில் ஒரு நரம்போரம் மாவுப்பூச்சி, ஆனால் மாவு இல்லை. உப்பி, தவிட்டு நிறத்தில், உலர்ந்து தோலாக. முதுகில் ஊசியால் வட்டமாகக் குத்தினது போல ஒரு ஓட்டை. உள்ளே தின்று வளர்ந்தது வெளியே போன வழி.

"என்னத்தப்பா அப்புடிப் பாக்கற?"

கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, குளவியைப் பற்றிச் சொன்னேன். அர்ஜென்டினா வரை போகவில்லை. ஏத்தாப்பூர் வரை சொன்னேன். கண்ணாடியை நெருக்கியும் தள்ளியும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இருக்கும். ஆனா மழ நல்லாப் பேஞ்சுதுல்ல. பூச்சியெல்லாம் அதுலயே அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு."

மழைக்கும் பங்கு உண்டுதான். மாவுப்பூச்சி வறட்சியில் பெருகும், மழையில் கழுவிக்கொண்டு போகும். நான் வாதாடவில்லை. அதற்குள் மொபெட்டில் ஒருவர் வந்து வரப்பில் நிறுத்தினார். விதைக் கரணை வேண்டுமாம். சித்தப்பா தண்டுகளை வெட்டிக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார். வந்தவர் ஒரு குச்சியை உருவி, கணுவைத் தடவி, நுனியை மோந்து பார்த்தார்.

"பூச்சி இல்லாத கட்டுத்தானுங்களே?"

"பாத்துக்கங்க."

கட்டுக்கு எவ்வளவு என்று பேச்சு தொடங்கியது.